கணினிக் கொள்கலன்களும் தரவுக் காப்பும்

 

கணினித் துறையில் பணிபுரியும் நாங்கள் மூவர் கூடி எழுதிய உரை இது. இளைஞர்களுக்குத் தொழில் பற்றி ஏதேனும் சொல்லுங்கள் என்று செயலாளர் பணித்தார். எந்த வேலைக்கு எத்துணை ஊதியம் என்னும் கணக்கைச் சொல்லப் பலர் உளர். அதனை அவர்களுக்கே விட்டுவிட்டோம். எங்கள் கையைச் சுட்ட ஒரு செய்தியைச் சொல்வதே பயன்படும் என எண்ணினோம். மூத்தோர்க்குச் சில சொற்கள் புதியனவாகத் தோன்றலாம், பொறுத்தருள வேண்டுகின்றோம். பந்தலையும் விதைநெல்லையும் அறிந்தவர்க்கு இவ்வுரையின் பொருள் விளங்காமற் போகாது.

கொள்கலன் என்பது யாது? ஒரு செயலி தனியே இயங்குவதில்லை. அதற்குத் துணை நூலகங்கள் வேண்டும். அமைப்புக் கோப்புகள் வேண்டும். அவையும் குறிப்பிட்ட பதிப்பினவாக இருத்தல் வேண்டும். எழுதியவர் கணினியில் நன்கு ஓடிய செயலி, அடுத்தவர் கணினியில் ஓட மறுப்பது இதனாலேயே. வேண்டியவை அனைத்தையும் செயலியோடு ஒரே பொதியாகக் கட்டி, எந்தக் கணினியிலும் அவிழ்த்து இயக்கும் முறையே கொள்கலன் முறை. இதன் வேரை 1979இல் வந்த யூனிக்ஸ் ஏழாம் பதிப்பிலேயே காணலாம். எனினும் எல்லாரும் கையாளத்தக்க வடிவில் அது வந்தது 2013 மார்ச்சில்தான். சாலமன் ஹைக்ஸ் என்பார் ஒரு மாநாட்டில் ஐந்து நிமிட உரையொன்றில் டாக்கர் என்னும் கருவியைக் காட்டினார். அடுத்த ஆண்டே கூகுள் நிறுவனம் குபர்நெட்டீஸை வெளியிட்டது. இஃது ஒரு கிரேக்கச் சொல். நம் மொழியில் மீகாமன் என்று பொருள். பல கணினிகளின்மீது கொள்கலன்களை ஏற்றுவதும் இறக்குவதும், விழுந்ததை எடுத்து நிறுத்துவதும் அதன் தொழில்.

கொள்கலனின் இயல்பை உணராதார்க்கு அதனுள் இருக்கும் இடர் புலப்படாது. திருமணத்திற்குப் பந்தல் போடுகின்றோம். காரியம் முடிந்ததும் கழிகளைப் பிரித்துக் கட்டிக் கொண்டுபோய்விடுவர். மறுநாள் வேறோர் ஊரில் அதே பந்தல் எழும். சீர்வரிசைப் பெட்டியை எவரேனும் பந்தலிலேயே விட்டுவருவரா? கொள்கலன் அத்தகையது. பிரிப்பதற்கென்றே கட்டப்படுவது, எளிதாகப் பிரிக்கலாம் என்பதே அதன் சிறப்பு. டாக்கர் படிமத்தின் அடுக்குகள் யாவும் படிக்க மட்டுமே உரியவை. கொள்கலன் ஓடும்போது எழுதப்படுவன எல்லாம் மேலே வைக்கப்படும் ஒரு மெல்லிய அடுக்கில் சேர்கின்றன. கொள்கலனை நிறுத்தினால் அவ்வடுக்கு இருக்கும். நீக்கினால் அதுவும் உடன் நீங்கிவிடும். ஆகவே நிலைத்திருக்க வேண்டிய தரவைக் கொள்கலனுக்கு வெளியே, வால்யூம் எனப்படும் தனிச் சேமிப்பிடத்தில் வைத்தல் வேண்டும். பந்தல் போனாலும் பெட்டி வீட்டில் இருக்கும்.

இத்துணையும் எங்களுக்கு ஏட்டளவில் தெரிந்தே இருந்தது. 2019இல் கல்வி உதவிக்கான விண்ணப்பங்களைத் திரட்டும் ஒரு நிலையத்திற்கு நாங்கள் ஒரு செயலி அமைத்துக் கொடுத்தோம். நிலையத்தின் பெயர் வேண்டா. பிழை முழுதும் எங்களுடையதே. விண்ணப்பங்கள் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் சேர்ந்தன. அதுவும் ஒரு டாக்கர் கொள்கலனுக்குள்ளேயே ஓடிற்று. தரவுக்கென்று பெயருடைய வால்யூம் எதனையும் நாங்கள் குறிப்பிடவில்லை. நாள்தோறும் நள்ளிரவில் ஒரு காப்புப்படி எடுக்க ஏற்பாடு செய்திருந்தோம். அந்தப் படி எங்கே போய் விழுந்தது? அதே கொள்கலனுக்குள் ஓர் அடைவில். நாற்பது நாள் அது தவறாமல் ஓடியது என்று பெருமையாகவும் சொல்லிக்கொண்டோம்.

ஒருநாள் ஓர் அமைப்பை மாற்றும்பொருட்டுக் கொள்கலனை நீக்கிவிட்டுப் புதிதாக எழுப்பினோம். தரவுத்தளம் வெறுமையாக எழுந்தது. காப்புப்படிகளைத் தேடினோம், அவை நீக்கிய கொள்கலனோடு போய்விட்டன. இங்கே ஒன்றைக் கவனியுங்கள். அந்நிலையிலும் விண்ணப்பங்கள் உண்மையில் அழிந்திருக்கவில்லை. போஸ்ட்கிரெஸின் அதிகாரப்பூர்வப் படிமம், நாம் வால்யூம் தராவிடில் தானே பெயரற்ற வால்யூம் ஒன்றை உண்டாக்கிக்கொள்ளும். புதிய கொள்கலன் புதிய வால்யூமைக் கொண்டது. பழையது உரிமை கோருவாரின்றி வட்டின் ஒரு மூலையில் கிடந்தது. அதனைக் கண்டெடுத்து இணைத்திருந்தால் பத்து நிமிடத்தில் எல்லாம் மீண்டிருக்கும். எங்களுக்கு அது தெரியாது. பதற்றத்தில் எங்களுள் ஒருவர், வட்டில் இடமில்லை என்று கண்டு, பயன்படாத வால்யூம்களைத் துடைக்கும் ‘ப்ரூன்’ என்னும் கட்டளையை இட்டார். உறுதியா என்று கணினி கேட்டது. ஆம் என்றார். (2023இல் வந்த பதிப்பு முதல் அக்கட்டளை பெயருள்ள வால்யூம்களைத் தானாகத் தொடுவதில்லை, பெயரற்றவற்றை இன்றும் துடைக்கின்றது.)

பின்னர் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லுகின்றோம். தாளில் வந்த விண்ணப்பங்களைக் கட்டவிழ்த்துப் பதினோரு இரவுகள் மீண்டும் தட்டச்சு செய்தோம். நேரே கணினியில் பதிந்தவர்களுக்குத் தாள் ஏது? தொலைபேசியில் ஒவ்வொருவராக அழைத்தோம். பெரும்பாலோர் மறுபடி வந்தனர். கட்டட வேலைக்கு வெளிமாநிலம் சென்றிருந்த ஒரு மாணவரை இறுதிநாள் கடந்த பிறகே எங்களால் எட்ட முடிந்தது. அவர் எங்களைக் கடிந்து ஒரு சொல்லும் சொல்லவில்லை. ‘சரிங்கண்ணா’ என்று மட்டும் சொல்லித் தொலைபேசியை வைத்தார். அவ்வாண்டு அவர் படிப்பைத் தொடரவில்லை.

இனிச் செய்யத்தக்கன யாவை என்று பார்ப்போம். வால்யூமுக்குப் பெயரிடுவது முதற்பணி. பெயரில்லாத பொருளை எவரும் காக்கமாட்டார். பெயரிட்டாலும் பொறி ஒன்று உண்டு: கம்போஸ் கருவியில் ‘டவுன்’ என்னும் கட்டளை கொள்கலன்களை இறக்கும், அதனோடு ‘வி’ என்னும் ஓரெழுத்துக் குறி சேர்ந்தால் பெயருள்ள வால்யூம்களும் போகும். ஓரெழுத்தில் ஓராண்டு உழைப்பு அடங்கியிருக்கின்றது.

அடுத்து, ஓடிக்கொண்டிருக்கும் தரவுத்தளத்தின் கோப்புகளை அப்படியே நகலெடுத்து வைத்து, அதுவே காப்பு என்று நம்பியிருப்போர் பலர். அது பேசிக்கொண்டிருப்பவரின் சொற்றொடரைப் பாதியில் வெட்டியெடுப்பதனை ஒக்கும். ஒரு கோப்பு பழைய நிலையிலும், மற்றொன்று புதிய நிலையிலும் படியில் ஏறும். மீட்கும் நாளில் ஒன்றோடொன்று பொருந்தா. போஸ்ட்கிரெஸுக்கு ‘பிஜி டம்ப்’ என்னும் கருவி உள்ளது; தரவுத்தளம் ஓடும்போதே ஒரே கணத்தின் நிலையைச் சீராக எழுதித் தரும். நள்ளிரவுப் படி எடுத்து மறுநாள் மாலை விபத்து நேர்ந்தால் அந்தப் பகற்பொழுதின் பதிவுகள் போகும். அந்த இழப்பையும் தாங்க இயலாதெனில், அடிப்படைப் படி ஒன்றோடு மாற்றப் பதிவேடுகளையும் இடைவிடாது வெளியிடத்திற்கு அனுப்பி வரல் வேண்டும். அவ்வாறாயின் வேண்டிய கணத்திற்கே திரும்பலாம். எத்துணை நேரத் தரவை இழக்கலாம், எத்துணை நேரத்தில் மீள வேண்டும் என்னும் இரு வினாக்களுக்கு முதலில் விடை கண்டபின் கருவியைத் தேடுக. பலர் கருவியை வாங்கிவிட்டு வினாவைத் தேடுகின்றனர்.

குபர்நெட்டீஸில் பணிபுரிவோர்க்கு மேலும் சில உண்டு. அங்கே செயலி, தனக்கு இத்துணை இடம் வேண்டும் என்று ஒரு கோரிக்கை வைக்கும்; அதற்கிணங்க நிலைவால்யூம் ஒன்று ஒதுக்கப்படும். தானாக ஒதுக்கப்பட்ட வால்யூமுக்கு இயல்பாக அமையும் விதி, கோரிக்கையை அழித்தால் வட்டையும் அழிக்க என்பதே. ‘ரீட்டெய்ன்’, அதாவது வைத்திரு, என்று அதனை மாற்றிக்கொள்ளலாம். எங்கள் கருத்தில் தரவுத்தள வால்யூம்கள் அனைத்திற்கும் அதனை மாற்றியே தீரவேண்டும். வால்யூமின் நொடிநிலைப் படிமம் எடுக்கும் வசதி 2020 டிசம்பரில் வந்த பதிப்பில் முழுமை பெற்றது. விரைவானது, நல்லது, எனினும் மூலவட்டு இருக்கும் அதே சேமிப்பகத்தில் அதுவும் இருப்பின், சேமிப்பகம் பழுதாகும் நாளில் இரண்டும் சேர்ந்தே போகும். தரவை மட்டும் காத்தாலும் போதாது. எந்தச் செயலி, எந்த அமைப்பு, எந்த வால்யூம் யாருக்கு உரியது என்னும் குறிப்புகள் எட்சிடி என்னும் களஞ்சியத்தில் உள்ளன. அதன் படியும் வேண்டும். வெலெரோ என்னும் கட்டற்ற கருவி அக்குறிப்புகளையும் வால்யூம்களையும் சேர்த்து வேறிடத்திற்கு அனுப்ப உதவுகின்றது.

அந்த ‘வேறிடம்’ என்னும் சொல்லை எளிதாகக் கொள்ளற்க. 2021 மார்ச் 10ஆம் நாள் பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் ஓவிஎச் நிறுவனத்தின் தரவு மையக் கட்டடம் ஒன்று தீக்கிரையாயிற்று. மூலத்தையும் படியையும் அவ்வொரு வளாகத்திலேயே வைத்திருந்தோர் இரண்டையும் இழந்தனர். மூன்று படிகள், இருவகைச் சாதனங்கள், ஒன்றேனும் வேற்றூரில் என்று தொழிலில் வழங்கும் விதி பழையதாயினும் பொய்த்ததில்லை. படிகளுள் ஒன்று, எவராலும் குறித்த காலம்வரை அழிக்கவோ மாற்றவோ இயலாததாகவும் இருத்தல் நன்று; கணினியைப் பூட்டிவைத்துப் பணம் பறிப்போர் இக்காலத்தில் முதலில் தேடியழிப்பது காப்புப்படியையே. படியை மறையாக்கி வைக்கவும் வேண்டும். மறைத்திறவுகோலை அதே கணினியில் வைத்தால் என்னாகும் என்பதை நாங்கள் சொல்லவேண்டியதில்லை.

கருவிகளெல்லாம் இருந்தும் கைவிடக்கூடும் என்பதற்கு ஒரு சான்று. 2017 ஜனவரி 31ஆம் நாள் இரவு கிட்லேப் என்னும் நிறுவனத்தின் பொறியாளர் ஒருவர், வேறொரு கணினி என்றெண்ணி மூலத் தரவுத்தளத்தின் அடைவையே அழிக்கத் தொடங்கினார். ஓரிரு நொடியில் உணர்ந்து நிறுத்தினார். ஏறத்தாழ 300 ஜிகாபைட்டில் எஞ்சியது 4.5 மட்டுமே. அந்நிறுவனத்தில் காப்பு ஏற்பாடுகள் பல இருந்தன. நாள்தோறும் எடுக்கும் படி, பதிப்பு பொருந்தாமையால் நெடுநாளாகத் தோற்றுக்கொண்டிருந்தது. தோல்வியை அறிவிக்கும் மின்னஞ்சல்களைப் பெறும் வழங்கி ஏற்காமல் தள்ளிவிட்டது. மேகச் சேவையின் வட்டுப்படிமம் தரவுத்தளக் கணினிகளுக்கு இயக்கப்படவேயில்லை. இறுதியில் காத்தது, ஆறு மணி நேரத்திற்கு முன் ஒருவர் சோதனைக்காகத் தற்செயலாகக் கையால் எடுத்த படி. அந்நிறுவனம் நடந்ததை மறைக்கவில்லை. மீட்புப் பணியை உலகம் காண நேரலையில் காட்டிற்று. பின்னர் பிழையனைத்தையும் எழுதி வெளியிட்டது. தம்பி தங்கையரே, அந்த அறிக்கையைத் தேடிப் படியுங்கள்.

நம் வீட்டுப் பெரியோர் விதைநெல்லை உண்ணும் நெல்லோடு கலப்பதில்லை. விதைக்குமுன் ஒரு பிடியை ஈரத்துணியில் கட்டிவைத்து, முளை கிளம்புகின்றதா என்று பார்த்த பிறகே நாற்றங்காலில் தெளிப்பர். காப்புப்படிக்கும் முளைப்புச் சோதனை வேண்டும். மாதம் ஒருமுறை, வேறொரு கணினியில், புதிய கொள்கலனை எழுப்பி, படியை அதில் மீட்டு, பதிவுகளின் எண்ணிக்கையை மூலத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கடைசிப் பதிவின் தேதியையும் பாருங்கள். எண்ணிக்கை சரியாயிருந்து தேதி மூன்று மாதம் பழையதாயிருக்கக் கண்டிருக்கின்றோம். மீட்க எத்துணை நேரம் ஆயிற்று என்று குறித்து வையுங்கள். மீட்கும் முறையை ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். விபத்து நேரும் நாளில் முறையறிந்தவர் விடுப்பில் இருப்பார்.

இன்று பிற்பகல் உணவுக்குப்பின், இக்கட்டடத்தின் மாடியில் இரண்டு கணினிகளை வைத்திருக்கின்றோம். ஒன்றில் போஸ்ட்கிரெஸ் கொள்கலனும் ஆயிரம் போலிப் பதிவுகளும் உள்ளன. வருவோரில் ஒருவர் அந்தக் கொள்கலனை நம் கண்முன்னே நீக்குவார். மற்றவர்கள் இரண்டாம் கணினியில் அதனை மீட்டுத் தரவேண்டும். சுவரில் முறைத்தாள் ஒட்டியிருக்கின்றது. அதில் ஓரிடத்தில் வேண்டுமென்றே ஒரு பிழை வைத்திருக்கின்றோம்.