முழங்காலில் கோத்த நீர்

ஆமத்தூர் பக்கம் பட்டாசு ஆலைகளில் தரையில் உட்கார்ந்தே வேலை பார்க்கும் அக்காமார்களுக்கு முழங்கால் வலி புதிதல்ல. சிலருக்கு மூட்டு வீங்கி நீர் கோத்துக்கொள்ளும். ஊசியால் நீரை எடுக்கணும் என்று டாக்டர் சொன்னதும், "எடுத்தா திரும்பத் திரும்ப ஊறுமே" என்று பயந்து தைலத்தோடு நின்றுவிடுகிறார்கள். மறுபடி ஊறுவதற்குக் காரணம் ஊசி இல்லைங்க, உள்ளே இருக்கிற நோய்.

நல்ல முழங்காலில் சுமார் 4 மில்லி நீர்கூட இராது. அது தெளிவாக, முட்டையின் வெள்ளைக்கரு போல இழுபடும். கலங்கி வந்தால் அழற்சியா, சீழா என்று பரிசோதிப்பார்கள். 1961-இல் அமெரிக்க மருத்துவர்கள் மெக்கார்ட்டியும் ஹாலண்டரும் இந்த நீரை நுண்ணோக்கியில் பார்த்து, கவுட் என்ற மூட்டு நோயைக் காட்டிக்கொடுக்கும் ஊசி வடிவ யூரேட் (யூரிக் அமில உப்பு) படிகங்களைக் கண்டு சொன்னார்கள். இரத்தத்தில் யூரிக் அமிலம் சரியாக இருக்கும்போதே கவுட் வலி வருவதுண்டு. அப்போது உண்மையைச் சொல்வது அந்தச் சில சொட்டு நீர்தான்.

அதே ஊசி வழியாக ஸ்டீராய்டும் செலுத்தலாம். வலி சில வாரம் தணியும். தேய்ந்த குருத்தெலும்பு வளராது. சர்க்கரை உள்ளவர்கள் முன்பே சொல்லிவிடுங்கள், சில நாள் சர்க்கரை ஏறும். மூட்டில் கிருமி இருந்தால் அந்த மருந்து கூடவே கூடாது.

திடீரென்று ஒரு மூட்டு மட்டும் வீங்கி, சிவந்து, காய்ச்சலும் அடித்தால் நாட்டு வைத்தியம் வேண்டாம். சீழ் சில நாளிலேயே குருத்தெலும்பை அரித்துவிடும். விருதுநகரில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. அன்றைக்கே போய்விடுங்கள்.