உதவித்தொகையின் பின்பக்கம்

(மைசூர் தேவராஜ மொஹல்லாவில் நடைபெற்ற உறுப்பினர் குடும்பக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



மார்க்கெட்டில் மூட்டை இறக்கிய கையோடு வந்த தோழர்கள் முன்வரிசையில் இருக்கிறார்கள். பூக்கடையைப் பக்கத்துக் கடைக்காரரிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு வந்த அம்மாக்கள் பின்னால் நிற்கிறார்கள். ஆகவே வளர்த்தாமல் விஷயத்துக்கு வருகிறோம்.

ரயில்வேயில் கவுண்டரில் உட்காருகிற எங்களுக்கு ஒன்று தெரியும். சீசன் டிக்கெட் வாங்குகிறவர் விலையைப் பார்ப்பார், தேதியைப் பார்ப்பார். எந்த வண்டியில் அது செல்லும், எதில் செல்லாது என்பதைப் பார்க்கமாட்டார். பரிசோதகர் வந்து எதிரே நின்ற பிறகுதான் நிபந்தனை என்று ஒன்று இருப்பதே தெரியவரும். அபராதம் கட்டிவிட்டு, “டிக்கெட் இருந்தும் பிடித்துவிட்டான்” என்று ஊரெல்லாம் சொல்வார். பிள்ளைகளின் கல்வி உதவித்தொகையிலும் நம் குடும்பங்களில் இதுவேதான் நடக்கிறது.

நம் உறுப்பினர் ஒருவரின் மகளுக்கு உதவித்தொகை மறுக்கப்பட்டது என்று செய்தி வந்தது. “தமிழர் என்பதால் நிறுத்திவிட்டார்கள்” என்று தகப்பனார் சொன்னார். நாமும் நம்பினோம். 1991 டிசம்பரில் காவிரிக் கலவரத்தின்போது உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடிய குடும்பங்கள் நம்மில் உண்டு. அப்படி நம்புவது நமக்குச் சுலபம். ஐந்து பேர் சேர்ந்து சண்டைக்குத் தயாராகப் போனோம். அங்கே ஒரு காகிதத்தைக் காட்டினார்கள். அந்தப் பெண் பி.எஸ்ஸி.யில் சேர்ந்து, முதல் ஆண்டுப் பணத்தையும் பெற்று, வருஷ நடுவில் படிப்பை விட்டுவிட்டு நர்சிங்குக்கு மாறியிருக்கிறாள். யாரிடமும் முன் அனுமதி கேட்கவில்லை. பெற்ற தொகை பற்றி விளக்கம் கேட்டு வந்த கடிதம் வீட்டில் ரேஷன் கார்டு வைக்கிற டப்பாவில் பிரிக்காமலே கிடந்தது. போன வேகத்தில் திரும்பி வந்தோம். அன்றைக்குப் பட்ட வெட்கம்தான் இந்தக் கூட்டத்தைக் கூட்டவைத்தது.

இந்தப் பணம் யாரும் போட்ட பிச்சை அல்ல என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். 1942இல் வைசிராயின் நிர்வாக சபையில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்த டாக்டர் அம்பேத்கர், தாழ்த்தப்பட்ட மக்களின் குறைகளை எழுதி அரசிடம் கொடுத்தார். அதன் பயனாக அம்மக்களின் உயர்கல்விக்கு ஆண்டுக்கு 3 லட்சம் ரூபாய் ஒதுக்கப்பட்டது. 1944இல் தொடங்கிய அந்தத் திட்டத்தின் வழிதான் இன்று போஸ்ட் மெட்ரிக் ஸ்காலர்ஷிப் என்று நாம் சொல்வது. போராடிப் பெற்ற உரிமையை ஒரு கையெழுத்துக் குறைவால் இழப்பது எவ்வளவு பெரிய அநியாயம்!

2020 டிசம்பரில் மத்திய அமைச்சரவை இத்திட்டத்தை மாற்றியமைத்தது. செலவில் மத்திய அரசுக்கு 60 பங்கு, மாநில அரசுக்கு 40 பங்கு. பெற்றோரின் ஆண்டு வருமானம் 2.5 லட்சத்தைத் தாண்டக்கூடாது. அதாவது மாதம் ஏறக்குறைய 20,800 ரூபாய். இதில் ஒரு வேடிக்கையைப் பாருங்கள். ரயில்வேயில் கடைநிலையில் தண்டவாளம் பராமரிக்கிற தோழருக்கு அடிப்படைச் சம்பளம் 18,000. பஞ்சப்படி சேர்ந்ததும் அவர் எல்லைக்கு வெளியே போய்விடுகிறார். அவர் வீட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் கூலிக்குப் போகிறவரின் பிள்ளைக்குக் கிடைக்கும், இவர் பிள்ளைக்குக் கிடைக்காது. இருவரும் ஒரே குழாயில்தான் தண்ணீர் பிடிக்கிறார்கள்.

இதற்காக வருமானத்தைக் குறைத்து எழுதிக் கொடுக்கிற தரகர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் போகாதீர்கள். பொய்த் தகவலால் பெற்ற உதவித்தொகை என்று தெரிந்தால் அதை ரத்து செய்யவும், கொடுத்ததைத் திரும்ப வசூலிக்கவும், அந்தப் பிள்ளையைக் கறுப்புப் பட்டியலில் சேர்க்கவும் விதி இடம் கொடுக்கிறது. தரகர் வாங்கிய காசோடு போய்விடுவார். பட்டியலில் நிற்கப்போவது பிள்ளையின் பெயர்.

தொகை எவ்வளவு? அந்த மாற்றத்தின்படி, கட்டணம் நீங்கலாகப் படிப்புச் செலவுக்கென்று, பி.ஏ., பி.காம். போன்ற படிப்புகளுக்கு விடுதியில் தங்கினால் ஆண்டுக்கு 6,000, வீட்டிலிருந்து போனால் 3,000. பொறியியல், மருத்துவம் போன்றவற்றுக்கு 13,500, 7,000. இத்துடன் கல்லூரிக் கட்டணத்தின் பங்கும் மாணவர் கணக்குக்கே வரலாம். இங்கேதான் பல குடும்பங்கள் தவறுகின்றன. ஒரு நாள் கணக்கில் இருபதாயிரம் வந்து விழுகிறது. வீட்டில் சீட்டுப் பாக்கி இருக்கிறது, தங்கை சடங்கு இருக்கிறது. “ஸ்காலர்ஷிப் வந்துவிட்டது” என்று எடுத்துச் செலவழித்து விடுகிறோம். மாதம் கழித்துக் கல்லூரி கேட்கிறது, ஹால் டிக்கெட் நிற்கிறது. வந்த பணத்தில் எது கட்டணம், எது பிள்ளையின் செலவுக்கு என்று கல்லூரி அலுவலகத்தில் கேட்டு எழுதி வாங்கிக்கொண்ட பிறகே கை வையுங்கள்.

மற்ற நிபந்தனைகளையும் சொல்லிவிடுகிறோம். இந்த உதவித்தொகையை வாங்கிக்கொண்டே வேறொன்றை வாங்கக்கூடாது. இரண்டு கிடைத்தால் எது லாபமோ அதை வைத்துக்கொண்டு, கல்லூரித் தலைவர் மூலம் தெரிவிக்க வேண்டும். அடுத்த வகுப்புக்குத் தேறினால்தான் புதுப்பிப்பு. வருகைப்பதிவு 75 சதவீதம் வேண்டும். பி.ஏ. முடித்தவர் மறுபடி பி.காம். சேர்ந்தால் இரண்டாவதற்குக் கிடைக்காது. பாடத்தையோ கல்லூரியையோ மாற்றுவதானால் முன் அனுமதி வேண்டும். படிப்பை நடுவில் விட்டால் தொகையைத் திருப்பிக் கேட்கலாம். ‘கேட்கலாம்’ என்றுதான் விதி இருக்கிறது, ‘கேட்டே தீரவேண்டும்’ என்று இல்லை. அது மாநில அரசின் விருப்பத்துக்கு விடப்பட்டது. ஆகவே நோய், தகப்பன் சாவு, வேலை இழப்பு என்று காரணம் இருந்தால் மனு எழுதுங்கள். அந்த நர்சிங் பெண்ணின் வீட்டில் தாய்க்கு ஆபரேஷன் நடந்த வருஷம் அது. அதைக் கடிதத்துக்குப் பதிலாக அப்போதே எழுதியிருந்தால் கதை வேறு.

விதிகளில் நெடுங்காலமாக அச்சாகி வந்த ஒரு வரி உண்டு. ஸ்டிரைக்கில் ஈடுபடுவது, அனுமதியின்றி வராமலிருப்பது போன்ற ஒழுங்கீனம் என்று கல்லூரித் தலைவர் எழுதினால் உதவித்தொகையை நிறுத்தவோ ரத்து செய்யவோ செய்யலாம் என்பது அது. ஏழைப் பிள்ளைக்கு மட்டும் வாய்ப்பூட்டு! பணம் கட்டிப் படிக்கிறவன் கோஷம் போட்டால் எச்சரிக்கை, உதவித்தொகையில் படிக்கிறவன் போட்டால் சோறு போய்விடும். 1974 மே 8 முதல் 20 நாள் ரயில்வே வேலைநிறுத்தம் நடந்தபோது நம் மூத்தோர் எத்தனை பேர் வேலை இழந்தார்கள், எத்தனை பேருக்கு சர்வீஸ் முறிந்தது என்பதைச் சொல்லக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். ‘நன்னடத்தை’ என்ற சொல்லுக்கு அதிகாரி கையில் என்ன பொருள் வரும் என்பது நமக்குத் தெரியாததல்ல. இந்த வரி போகவேண்டும் என்பதே நம் கருத்து. போகும் வரையில் பிள்ளைகள் ஒன்றைச் செய்யலாம். எந்தக் காரணத்துக்காக வகுப்புக்குப் போகாவிட்டாலும் விடுப்புக் கடிதம் கொடுத்து நகலில் தேதி முத்திரை வாங்கி வையுங்கள். ஊர்வலத்துக்குப் போகாதே என்று நாங்கள் சொல்லப்போவதில்லை. நாங்கள் போனவர்கள்தானே!

இனி, வெளிமாநிலத்திலிருந்து வந்த நமக்கென்றே இருக்கிற முடிச்சு.

ஜாதிப் பட்டியல் நாடு முழுவதற்கும் ஒன்றல்ல, மாநிலத்துக்கு மாநிலம் வேறு. 1950 ஆகஸ்ட் 10இல் குடியரசுத் தலைவரின் ஆணை வந்தபோது உங்கள் குடும்பம் எந்த மாநிலத்தில் நிரந்தரமாக இருந்தது என்பதே கணக்கு. பின்னால் பிறந்தவர்களுக்கு அவர்கள் பெற்றோர், பாட்டனார் இருந்த இடம். கர்நாடகப் பட்டியலில் ஆதி திராவிடர் என்ற பெயர் இருக்கிறது. அதனால் பலர், “அங்கேயும் இருக்கிறது, இங்கேயும் இருக்கிறது, பிறகென்ன” என்கிறார்கள். பெயர் ஒன்றாக இருப்பது மட்டும் போதாது.

இதைச் சுப்ரீம் கோர்ட்டே 1990இல் ஐந்து நீதிபதிகள் அமர்ந்து சொல்லிவிட்டது. ஆந்திராவில் பிறந்து, தந்தையின் வேலை காரணமாகச் சிறுவயதிலேயே பம்பாய்க்கு வந்த பழங்குடி மாணவர் ஒருவர், மருத்துவக் கல்லூரியில் ஒதுக்கீட்டு இடம் கேட்டார். மராட்டியத்தில் அவர் பழங்குடி ஆகமாட்டார் என்று தீர்ப்பு. மர்ரி சந்திரசேகர ராவ் வழக்கு என்று அதற்குப் பெயர். 2018இல் வேறொரு ஐந்து நீதிபதி அமர்வும் அதே கொள்கையை உறுதி செய்தது. பிழைக்க இடம் மாறியவன் தன் தீண்டாமையை ஊரில் விட்டுவிட்டா வந்தான்? இங்கே வீடு வாடகைக்குக் கேட்கும்போது அது கூடவே வந்து நிற்கிறதே! ஆனால் சட்டம் இன்று இப்படித்தான் இருக்கிறது.

ஆகவே நம் குடும்பங்கள் இரண்டு வகை. பாட்டனார் காலத்திலேயே, 1950க்கு முன், ரயில்வேக்கோ நகரசபைத் துப்புரவு வேலைக்கோ கோலார் சுரங்கத்துக்கோ வந்து இந்த மாநிலத்திலேயே தங்கிவிட்டவர்கள் ஒரு வகை. இவர்கள் இங்கேயே உரிமை கேட்கலாம். ஆதாரம்தான் வேண்டும். பழைய மைசூர் ஸ்டேட் ரயில்வே 1951 ஏப்ரலில் தென்னக ரயில்வேயில் சேர்ந்தது. அதற்கு முன் வேலைக்குச் சேர்ந்த தாத்தாவின் சர்வீஸ் புத்தகம், பிராவிடண்ட் பண்ட் சீட்டு, பென்ஷன் ஆணை எதுவானாலும் அது பொன். பள்ளிக்கூட டி.சி., வீட்டுவரி ரசீதும் அப்படியே. எலி கடித்ததென்றாலும் எறியாதீர்கள்.

பிறகு வந்தவர்கள் இரண்டாவது வகை. வேலூரிலிருந்தும் தர்மபுரியிலிருந்தும் எழுபதுகளில் வந்தவர்கள் அதிகம். தகப்பனாருக்குத் தமிழ்நாட்டில் கொடுத்த ஜாதிச் சான்றிதழைக் காட்டினால், அதன் அடிப்படையில் பிள்ளைக்கு இங்குள்ள அதிகாரியே சான்றிதழ் தரலாம் என்று மத்திய அரசு 1984இல் எழுதியது. ஆனால் 1985 பிப்ரவரியில், அப்படிப்பட்டவர் சொந்த மாநிலத்தின் சலுகைகளுக்குத்தான் உரியவர், வந்து சேர்ந்த மாநிலத்தின் சலுகைகளுக்கு அல்ல என்று விளக்கமும் வந்தது. அந்தச் சான்றிதழ் மத்திய அரசின் வேலைக்கும் கல்வி நிறுவனங்களுக்கும் பயன்படும். மாநிலம் கொடுக்கிற உதவித்தொகைக்கோ, நிரந்தரமாகக் குடியிருக்கிற மாநிலம் எதுவோ அதுதான் தரவேண்டும் என்கிறது விதி. சென்னையில் கேட்டால், “நீங்கள் ஊரை விட்டுப் போய் நாற்பது வருஷம் ஆகிறதே” என்பார்கள். பெங்களூரில் கேட்டால், “உங்கள் சான்றிதழ் தமிழ்நாட்டுடையது ஆயிற்றே” என்பார்கள். இரண்டு ஸ்டேஷனுக்கு நடுவில் சிக்னல் விழாமல் நிற்கிற வண்டி போல நம் பிள்ளைகள் நிற்கிறார்கள். இதற்கு மாநிலங்கள் இரண்டும் உட்கார்ந்து பேசி ஒரு வழி செய்யவேண்டும். இந்த வழக்குகளையெல்லாம் தொகுத்து இரு அரசுகளுக்கும் மனு கொடுப்பதென்று செயற்குழு முடிவு செய்திருக்கிறது.

ஜாதி பார்க்காத திட்டமும் உண்டு. பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வில் தங்கள் போர்டில் மேல் இருபது சதவீதத்துக்குள் வந்தவர்களுக்கு, குடும்ப வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்தால், பட்டப் படிப்புக்கு ஆண்டுக்கு 12,000 ரூபாயை மத்திய அரசு தருகிறது. புதுப்பிக்க 50 சதவீத மதிப்பெண்ணும் 75 சதவீத வருகையும் வேண்டும். நன்றாகப் படிக்கிற பிள்ளைகள் வீட்டில் இதைக் கேள்விப்படாமலே இருக்கிறார்கள்.

வங்கிக் கல்விக் கடனையும் சிலர் உதவித்தொகைக் கணக்கில் சேர்க்கிறார்கள். அது கடன். பெற்றோரும் கூடவே கையெழுத்துப் போடுகிற கடன். நாலு வருஷப் படிப்புக்கு வருஷத் தொடக்கத்தில் ஒரு லட்சமாக வாங்கினால், பத்து சதவீதத் தனிவட்டிக்கே, படிப்பு முடிந்து ஒரு வருஷம் கழியும்போது வட்டி மட்டும் 1,40,000 ஏறியிருக்கும். ‘இப்போது கட்டவேண்டாம்’ என்றால் ‘வட்டி ஓடாது’ என்று பொருளல்ல. 2009இல் தொடங்கிய வட்டி மானியம் இந்தக் காலத்து வட்டியைத்தான் ஏற்கிறது, அதுவும் வருமானம் 4.5 லட்சத்துக்குள் உள்ளவர்களுக்கு, குறித்த வகைப் படிப்புக்கு. அசல் நம் தலைமேல்தான். மருத்துவக் காரணமின்றி நடுவில் படிப்பை விட்டால் மானியமும் போய்விடும். கையெழுத்துப் போடுமுன் கடன் தாளைச் சங்கத்துக்குக் கொண்டு வாருங்கள்.

கடைசியாக ஒரு சின்ன விஷயம், ஆனால் அதிக விண்ணப்பங்களை அதுதான் கவிழ்க்கிறது. நம் இனிஷியல்! மார்க்ஸ் கார்டில் ‘செல்வி எம்.’, ஆதாரில் ‘செல்வி முருகன்’, வங்கியில் ‘எம். செல்வி’. ஒரே பெண் மூன்று ஆளாகிவிடுகிறாள். மாநில உதவித்தொகை விண்ணப்பம் இங்கே கம்ப்யூட்டரில்தான். அது பெயரைச் சரிபார்க்கும், ஆதார் இணைத்த வங்கிக் கணக்கைத் தேடும், ஜாதி வருமானச் சான்றிதழின் ஆர்.டி. எண்ணைக் கேட்கும். அந்தச் சான்றிதழ் நாடகச்சேரியில் கிடைக்கும். நம் வீட்டுப் பெண்கள் அந்தப் பெயரைக் கேட்டுச் சிரிக்கிறார்கள். நாட்டுக் கச்சேரி என்பதே கன்னடத்தில் அதன் பொருள். ஆனாலும் மூன்றாவது முறையாகத் திருப்பி அனுப்பப்பட்ட ஒரு அம்மா, “நாடகம்தான் அண்ணா நடக்குது” என்றபோது எங்களாலும் மறுக்க முடியவில்லை.

வருகிற ஞாயிறு காலை பத்து மணியிலிருந்து செயற்குழுத் தோழர்கள் நால்வர் இங்கேயே உட்காருவார்கள். கன்னடமும் இங்கிலீஷும் எழுதத் தெரிந்த கல்லூரிப் பிள்ளைகள் இருவர் கூட இருப்பார்கள். ஆதார், மார்க்ஸ் கார்டு, வங்கிப் புத்தகம், தகப்பனாரின் ஜாதிச் சான்றிதழ், தாத்தா காலத்துக் காகிதம் எதுவானாலும், பிரிக்காமல் வைத்திருக்கிற கடிதங்கள் இருந்தால் அவையும், எல்லாம் எடுத்து வாருங்கள். இரு அரசுகளுக்கும் கொடுக்கிற மனுவில் கையெழுத்து வாங்கும் தாள் வாசலில் மேஜைமேல் இருக்கிறது. எந்த வருஷம் எந்த ஊரிலிருந்து வந்தீர்கள் என்பதையும் எதிரில் எழுதுங்கள். இனிஷியலை விரித்து எழுதுங்கள்.