ஏரியடியிற் கிடக்கும் நம் வயல்

(திருப்பருத்திக்குன்றத்தில் நிகழ்த்திய உரை)



இவ்வூர்ப் பெயரிலேயே பருத்தி உண்டு. சிம்மவருமப் பல்லவனின் பள்ளன்கோவிற் செப்பேடு, கொடை பெற்ற அமண ஆசிரியர் வச்சிரநந்தியைப் பருத்திக்குன்றினர் என்றே சுட்டுகின்றது. இன்றோ காஞ்சித் தறிக்குப் பட்டிழை கருநாடகத்தினின்று வருகின்றது. இழையை விலைக்கு வாங்கலாம். வயலின் மேல்மண்ணை எங்கே வாங்குவீர்கள்?

பாறையை வெயில் வெடிக்கச் செய்ய, மழை கரைக்க, வேர் பிளக்க, இலைதழை மக்கிச் சேர, ஒரு விரற்கடை மண் உருவாக நூற்றாண்டுகள் கழிகின்றன. இரும்புத் துருவேறியது செம்மண். ஈரத்தைப் பிடித்துவைத்துக் கோடையிற் பாளம் பாளமாக வெடிப்பது கரிசல். பருத்திக்கு உகந்தது அதுவே. உப்புப் பூத்தது உவர். நீர் கொணர்ந்து படியவைப்பது வண்டல். கண்ணாலும் விரலாலும் நாவாலும் உழவன் கண்டறிந்து இட்ட பெயர்கள் இவை. ஆங்கிலவழிப் பள்ளியில் 'அலூவியல் சாயில்' என்று உருப்போடும் பிள்ளை, பாட்டன் வண்டல் என்றது அதனையே என்றறியான்!

அவ் வண்டலைப் பற்றியே இன்று மிகுதியும் பேச வந்தேன். ஏரியடியிற் படிந்திருப்பது வேறென்ன? மேட்டு நிலத்தினின்று மழை அரித்திறக்கிய மேல்மண்ணே. அங்கே அது கிடக்குந்தோறும் ஏரி கொள்ளளவை இழக்கின்றது. வயல் ஊட்டத்தை இழக்கின்றது. அள்ளி வயலில் இட்டால் இரு கேடும் ஒருங்கே குறையும். இதே மாவட்டத்து உத்தரமேரூரில், பராந்தக சோழன் காலத்து 919, 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டுகளைப் பாருங்கள். ஏரிப்பணிக்கென்றே குடவோலையால் ஏரி வாரியம் தேர்ந்திருக்கின்றனர்!

2017-இல் மணிமங்கலம் ஏரியில் அரசு 'குடிமராமத்து'ப் பணியைத் தொடங்கியது. மராமத்து அரபுச்சொல், பணியோ நம் முன்னோருடையது. 2024 முதல் வட்டாட்சியர் இசைவு பெற்று, உழவரும் குயவரும் கட்டணமின்றி வண்டல் எடுக்கலாம். இதனைச் சாக்கிட்டுப் பாலாற்று மணலைச் சுரண்டுவோரை நம்பாதீர்கள். ஆற்றுமணல் நீரைத் தேக்கும் களஞ்சியம். அது போனால் கிணறும் போகும்.

கோடையில் ஏரி வறண்டவுடன் இசைவு கேளுங்கள். மணற்பாங்கான நிலத்திற்கும் செம்மண்ணுக்கும் வண்டல் மிகுபயன் தரும். களிமிகுந்த வயலிலோ நீர் தேங்கும். உவர்ப்புண்டா என மண்ணாய்வு நிலையத்திற் பார்த்த பின்னரே வண்டி கட்டுங்கள். கரையை ஒட்டித் தோண்டாதீர்கள், கரை சரியும். இட்ட மண் மீண்டும் ஏரிக்கே ஓடாதபடி, சரிவுக்குக் குறுக்கே உழுது, வரப்பை உயர்த்துங்கள்.