பிள்ளைகளை எந்தப் படிப்பில் சேர்ப்பது?
(ஆலை வாயில் கூட்டத்தில் ஆற்றிய உரை)



பரீட்சை முடிவு வந்துவிட்டது. நம் வீடுகளில் இப்போது ஒரே பேச்சு. கம்ப்யூட்டர் படிப்பு என்கிறார்கள். அதிலும் 'சைபர் செக்யூரிட்டி' என்கிறார்கள். சென்ற வாரம் ஒரு தோழர் சங்க அலுவலகத்துக்கு வந்தார். தரகன் ஒருவன் வீடு தேடி வந்து, "முன்பணம் கட்டுங்கள், வேலை நிச்சயம்" என்று சொல்லியிருக்கிறான். தோழர் மனைவியின் செயினை அடகு வைக்கக் கிளம்பியிருந்தார். அவரை உட்காரவைத்துச் சொன்னதையே இங்கும் சொல்கிறோம்.

முதலில், இந்தப் பாதுகாப்பு வேலை என்றால் என்ன? 2022 நவம்பரில் டெல்லி எய்ம்ஸ் ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர்களுக்குள் திருடர்கள் புகுந்தார்கள். நாட்கணக்கில் நோயாளிகளின் விவரங்களைக் கையால் எழுத வேண்டியதாயிற்று. இப்படிப் புகாமல் தடுப்பது, புகுந்தால் கண்டுபிடிப்பது, கெட்டதை மீட்பது, இதுதான் அந்த வேலை. ஆனால் ரிங் பிரேமைக் கழற்றி மாட்டத் தெரியாதவன் அதன் பழுதைக் கண்டுபிடிப்பானா? கம்ப்யூட்டர் எப்படி இயங்குகிறது, ஒன்றோடு ஒன்று எப்படிச் செய்தி அனுப்புகிறது, புரோகிராம் எப்படி எழுதுவது என்று தெரியாதவன் எதைக் காவல் காப்பான்? ஆகவே கம்ப்யூட்டர் சயன்ஸ், தகவல் தொழில்நுட்பம் போன்ற பொதுப் படிப்பில் அஸ்திவாரம் போட்டுக்கொண்டு, பிறகு காவல் வித்தையைக் கற்பதே மேல் என்பது நம் அபிப்பிராயம். புதுப் பெயர்ப் பலகை மாட்டிவிட்டதால் உள்ளே ஆசிரியர் இருப்பார் என்று அர்த்தமில்லை. நேரில் போய்ப் பாருங்கள். லேபில் எத்தனை கம்ப்யூட்டர் ஓடுகிறது என்று எண்ணுங்கள். கதிர் எண்ணிப் பழகிய நமக்கு அதுவா கஷ்டம்!

இனி பணத்துக்கு வருவோம். தமிழ்நாட்டில் 2007 முதல் பொறியியலுக்கு நுழைவுத் தேர்வு இல்லை. பன்னிரண்டாம் வகுப்பில் கணக்கு, பௌதிகம், ரசாயனம் ஆகியவற்றின் மார்க்கை 200-க்குக் கணக்கிட்டு, அரசாங்கக் கலந்தாய்வில் இடம் தருகிறார்கள். இதில் தரகனுக்கு என்ன வேலை? ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைக்கு, 2021-ல் வந்த சட்டப்படி 7.5 சதவீத இடம் தனியாக உண்டு. அதில் சேர்ந்தால் படிப்புக் கட்டணம், விடுதிக் கட்டணம் இரண்டும் அரசாங்கத்தின் பொறுப்பு. குடும்பத்தில் யாரும் பட்டம் வாங்கியதில்லை என்றால் முதல் பட்டதாரிச் சலுகையும் இருக்கிறது. இவை கலந்தாய்வு மூலம் சேருகிறவர்களுக்கு மட்டுமே. தரகன் வாங்கித் தருவது நிர்வாக ஒதுக்கீட்டு இடம். அங்கே இந்தச் சலுகை எதுவும் கிடையாது. இதை அவன் சொல்லுவானா?

பத்தாவதோடு நின்ற பிள்ளையைக் கைவிட்டுவிடாதீர்கள். பாலிடெக்னிக்கில் மூன்று வருஷம் டிப்ளமோ. அதை முடித்தால் நேராக பி.இ. இரண்டாம் வருஷத்தில் சேரலாம். ஐ.டி.ஐ. முடித்தவன் டிப்ளமோவின் இரண்டாம் வருஷத்துக்கே போகலாம். சுற்று வழிதான், ஆனாலும் கையில் தொழிலோடு போகிற வழி.

அந்தத் தோழர் செயினை வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுபோய்விட்டார். அவர் மகனின் விண்ணப்பம் அன்று மாலையே போயிற்று.

ஞாயிறு காலை சங்க அலுவலகத்தில் விண்ணப்பம் போட்டுத் தருகிறோம். மார்க் ஷீட், ஜாதிச் சான்றிதழ், ஆறாம் வகுப்பிலிருந்து படித்த பள்ளியின் சான்று, எல்லாம் எடுத்து வாருங்கள். பிள்ளைகளையும் கூட்டி வாருங்கள். தரகனிடம் ஏற்கெனவே பணம் கொடுத்தவர்கள் ரசீதையும் கொண்டு வாருங்கள்.