வெள்ளையடித்த கல்லறைகள்

(பங்கின் யூபிலி விழாவில் ஆற்றிய உரை)



யூபிலிக்காக ஆலயத்துக்கு வண்ணம் பூசியிருக்கிறோம். கொடிமரம் பளபளக்கிறது. தேருக்கு விளக்குகளும் போட்டாயிற்று. எல்லாம் நம் பக்தியின் அடையாளங்களே. ஆனால் அதே கையோடு நம் உள்ளத்தையும் ஒருமுறை பார்த்துக்கொள்ள வேண்டாமா?

ஆண்டுதோறும் நவம்பர் 2-ம் நாள் கல்லறைத் திருநாளுக்காக நாம் கல்லறைகளுக்குச் சுண்ணாம்பு அடிக்கிறோம். வெள்ளையடித்த கல்லறைகளைக் காட்டித்தான் ஆண்டவர் பரிசேயரைக் கடிந்துகொண்டார். அது பரிசேயருக்குச் சொன்னது, நமக்கல்ல என்று தள்ளிவிட முடியுமா?

இன்று நம் கள்ளக்குறிச்சி மாவட்டத்திலுள்ள எறையூர், 2008-ல் விழுப்புரம் மாவட்டத்தில் இருந்தது. ஜெபமாலை அன்னையைப் போற்றும் பழைய கத்தோலிக்க ஊர். ஆலயத்திலும் கல்லறையிலும் சாதி வேற்றுமை காட்டப்படுகிறது, எங்களுக்குத் தனிப்பங்கு தாருங்கள் என்று தலித் கிறிஸ்தவர்கள் கேட்டார்கள். மார்ச் 9-ம் நாள் கலவரம் மூண்டது. காவல்துறை சுட்டதில் இருவர் மாண்டனர். அன்று தவக்காலத்தின் ஐந்தாம் ஞாயிறு. திருப்பலிக்குரிய நற்செய்தியோ லாசர் உயிர்பெற்ற வரலாறு! கல்லறையின் கல்லை அகற்றச் சொன்னவரைக் கும்பிட்டுக்கொண்டே, கல்லறையிலும் நாம் பிரிவினை காக்கிறோம்.

எறையூரைக் குறை சொல்வது எளிது. நம் வீட்டு வாசலுக்கு வருவோம். ஒரே அப்பத்தில் பங்குபெறும் நாம், பூசை முடிந்ததும் ஒருவர் வீட்டில் ஒருவர் காபி குடிக்கத் தயங்குகிறோமா இல்லையா? பெண் பார்க்கும்போது முதலில் கேட்பது ஞானஸ்நானத்தையா, சாதியையா?

2003-ல் திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் தமிழக ஆயர்களிடம் சாதி வேற்றுமையைக் கண்டித்துப் பேசினார். 2016-ல் இந்திய ஆயர் பேரவை தலித் கிறிஸ்தவர் மேம்பாட்டுக்கான கொள்கையை வெளியிட்டது. ஏட்டில் எல்லாம் இருக்கிறது. மனம் திரும்புவதுதான் பாக்கி.

நம் கோமுகி ஆற்றைப் பாருங்கள். வாய்க்காலை எவ்வளவு செப்பனிட்டாலும், கண்ணுக்கெட்டாத கல்வராயன் மலைக்குள்ளே மழை பெய்யாவிட்டால் வயலுக்குத் தண்ணீர் வராது. தேர்பவனியும் நவநாளும் நல்ல வாய்க்கால்களே. மழை உள்ளே பெய்ய வேண்டும்.

பழைய ஏற்பாட்டில் யூபிலி என்றால் விடுதலையின் ஆண்டு. அடிமைப்பட்டவன் தன் வீடு திரும்பும் ஆண்டு. ஆகவே இந்த விழாவின் நினைவாக ஒன்று செய்வோம். இதுவரை நாம் படியேறாத ஒரு வீட்டின் படியேறுவோம். அங்கே தருவதை உண்டு, சேர்ந்து ஜெபிப்போம். வருகிற கல்லறைத் திருநாளில் நம்மவர் கல்லறையோடு, கேட்பாரற்றுக் கிடக்கும் அடுத்தவர் கல்லறைக்கும் ஒரு மெழுகுதிரி ஏற்றுவோம்.

உள்ளத்தைக் காணும் இறைவன் நம்மை ஆசீர்வதிப்பாராக! ஆமென்.