தோசைக்கல்லை யார் கழுவுகிறார்கள்?

(நம் கிளப் ஹவுஸில் ஞாயிறு மாலைச் சந்திப்பில் உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



'நீடித்து உழைக்கும் சமையல் பாத்திரங்கள்' என்று தலைப்பைக் கொடுத்து, அரை மணி நேரத்தில் முடித்துவிடுங்கள், அதற்குப் பிறகு பராமரிப்புக் கட்டணம் பற்றிய விவாதம் இருக்கிறது என்று செயலாளர் சொல்லியிருக்கிறார். அந்த விவாதத்துக்கு உங்கள் தெம்பை மிச்சம் வைத்துவிடுகிறேன்.

நான் சமையல் நிபுணன் இல்லை. கோவையில் ஒரு ஃபவுண்டரியில் 30 வருஷம் வார்ப்புகளைத் தட்டிப் பார்த்து நல்லது, கெட்டது என்று பிரித்தவன். பம்புக்கான உறுப்புகள்தான் பெரும்பாலும். இரும்பைப் பற்றி நான் பேசலாம். தோசையைப் பற்றி என் மனைவிதான் பேச வேண்டும். அவர் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். தவறாகச் சொன்னால் திருத்துவார்.

போன முறை பழைய பொருள்கள் சேகரித்தபோது மூட்டையில் ஒரு வார்ப்பிரும்பு தோசைக்கல் கிடந்தது. மேலே செந்துரு. எடுத்து விரலால் சுண்டிப் பார்த்தேன். மணி மாதிரி ஒலித்தது. ஒரு கீறல் கூட இல்லை. கொண்டுவந்தவரிடம் கேட்டேன். "வேலைக்கு வர்ற அம்மா தேய்ச்சுத் தேய்ச்சுக் கெடுத்துட்டாங்க சார், இதோட மூணாவது கல்லு" என்றார். அந்த அம்மாவுக்கு அன்று திட்டும் விழுந்திருக்கிறது. அவர் செய்த குற்றம், பாத்திரத்தைச் சுத்தமாகத் தேய்த்தது. அதற்குத்தானே அவருக்குச் சம்பளம் கொடுக்கிறோம்?

கடையில் எதை வாங்குவது என்று எல்லோரும் என்னிடம் கேட்கிறார்கள். நான் திருப்பிக் கேட்பது: உங்கள் வீட்டில் அதைக் கழுவப் போவது யார், தூக்கப் போவது யார்? இந்த இரண்டுக்கும் பதில் தெரியாமல் வாங்கிய இரும்பு, எவ்வளவு நல்ல இரும்பாக இருந்தாலும் மூட்டைக்குத்தான் போகும்.

கொஞ்சம் இரும்பைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நாம் 'இரும்புக் கல்' என்று சொல்வதில் இரண்டு வகை உண்டு. ஒன்று, தகட்டை வெட்டி அடித்துச் செய்தது. வழவழப்பாக, மெல்லியதாக இருக்கும். கீழே விழுந்தால் நெளியும், உடையாது. இன்னொன்று வார்ப்பிரும்பு. உருக்கி மணல் அச்சில் ஊற்றுவது. மேற்பரப்பில் பொரிபொரியாகத் தெரிவது அந்த மணலின் தடம். இதில் கார்பன் 2 சதவீதத்துக்கு மேல், சில சமயம் 4 வரைக்கும் இருக்கும். அதனால்தான் எஃகைவிடக் குறைந்த சூட்டில் உருகி அச்சில் நன்றாக ஓடுகிறது. அதனால்தான் கீழே போட்டால் உடைகிறது. சூடாக இருக்கும்போது பச்சைத் தண்ணீரை ஊற்றினாலும் விரிசல் விடும்.

வார்ப்பிரும்பு சூட்டை நன்றாகக் கடத்தும் என்று விளம்பரத்தில் சொல்வார்கள். உண்மை அதுவல்ல. அலுமினியம் அதைவிடப் பல மடங்கு வேகமாகக் கடத்தும். வார்ப்பிரும்பின் பலம் வேறு. கனமாக இருப்பதால் சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும். குளிர்ந்த மாவை ஊற்றினாலும் கல்லின் சூடு சட்டென்று இறங்காது, அதனால் தோசை முறுகும். அதற்கு விலை, பொறுமை. மிதமான தீயில் ஏழெட்டு நிமிஷம் காய விட வேண்டும். பெரிய கல்லைச் சின்ன பர்னரில் வைத்து, நடுவில் கருகுது, ஓரத்தில் வேகலை என்று கல்லைக் குறை சொல்லக் கூடாது.

கனம் என்றேன். கணக்குப் போட்டுப் பார்ப்போம். 30 சென்டிமீட்டர் அகலம், 5 மில்லிமீட்டர் தடிமன் உள்ள கல், கைப்பிடி இல்லாமலே சுமார் இரண்டரை கிலோ. இங்கே மணிக்கட்டு வலிக்குப் பட்டை கட்டியிருக்கும் மூன்று பேரைப் பார்க்கிறேன். அவர்களுக்கு 25 சென்டிமீட்டர் கல் போதும், அல்லது தகட்டுக் கல். இரண்டு பக்கமும் காது உள்ளதாக வாங்குங்கள். நீளக் கைப்பிடி ஒரு கையில் மொத்த பாரத்தையும் ஏற்றும்.

கடைக்குப் போனால் தொங்கவிட்டு விரலால் சுண்டுங்கள். 'ணங்' என்று நீண்டு ஒலித்தால் சரி. 'டப்' என்று மழுங்கலாக ஒலித்தால் உள்ளே விரிசல் இருக்கலாம். ஃபவுண்டரியிலும் இப்படித்தான் பார்ப்போம். ஒரு ஸ்கேலை மேலே நிறுத்தி வைத்து மட்டம் பாருங்கள். ஊசிமுனைக் குழிகள் நிறைய இருந்தால் வேண்டாம். வெள்ளைத் துணியால் அழுத்தித் துடையுங்கள்; எண்ணெய்க் கறை வந்தால் பரவாயில்லை, கறுப்புப் பெயிண்ட் மாதிரி உரிந்து வந்தால் வைத்துவிடுங்கள்.

இனிப் பழக்குவது. நம் பாட்டிமார் வைத்த பெயர் எவ்வளவு பொருத்தம் பாருங்கள்! மாட்டைப் பழக்குவதுபோலக் கல்லையும் பழக்குகிறோம். உள்ளே நடப்பது இது: எண்ணெயை மெல்லியதாகத் தடவிப் புகைய விட்டால், அது எண்ணெயாக இல்லாமல் இறுகி, இரும்போடு ஒட்டிய கெட்டியான படலமாகிறது. தோசை ஒட்டாமல் இருப்பதும், துரு பிடிக்காமல் இருப்பதும் அந்தப் படலத்தால்தான்.

புதுக் கல்லை முதல் தடவை மட்டும் சோப்புப் போட்டு நன்றாகத் தேயுங்கள். வடிகஞ்சியில் இரண்டு நாள் ஊற வைக்கிற வழக்கம் நல்லது, கஞ்சியைத் தினமும் மாற்றுங்கள். பிறகு கழுவி, அடுப்பிலேயே ஈரம் போகக் காய வைத்து, நல்லெண்ணெயை முன்பக்கம், பின்பக்கம், காது எல்லாம் தடவுங்கள். அடுத்ததுதான் முக்கியம்: தெரியாமல் தடவிவிட்டதைப்போல முழுவதையும் துடைத்து எடுத்துவிடுங்கள். துடைத்த பிறகும் ஒட்டியிருப்பதே போதும். அதிகமாக இருந்தால் பிசுபிசுவென்று கோந்து மாதிரி ஆகும். புகை வந்து அடங்கும்வரை சூடாக்கி, ஆற விட்டு, மறுபடி. நாலைந்து முறை. ஜன்னலைத் திறந்து, எக்ஸாஸ்ட் ஃபேனைப் போட்டுக்கொண்டு செய்யுங்கள். போன வருஷம் பி பிளாக்கில் புகையைப் பார்த்து செக்யூரிட்டி தீயணைப்பு சிலிண்டரோடு ஓடிய கதை உங்களுக்குத் தெரியும்.

முதல் வாரம் ஊத்தப்பம், அடை என்று எண்ணெய் தாராளமாக விட்டுச் செய்யுங்கள். மெல்லிசு தோசைக்கு அவசரப்பட வேண்டாம். தோசைக்கல்லில் சப்பாத்தி போடாதே என்று வீட்டில் சொல்வதற்கும் காரணம் உண்டு. எண்ணெயும் ஈரமும் இல்லாமல் கல் அதிகமாகச் சூடேறி அந்தப் படலம் எரிந்துபோகிறது. சப்பாத்திக்கு வேறு கல் வையுங்கள்.

இப்போது வேலைக்கு வரும் அம்மாவிடம் திரும்புவோம். கம்பி நாரும் சோப்புக் கட்டியும் வைத்து அவர் அழுத்தித் தேய்த்தால் படலம் போகும். கழுவி ஈரத்தோடு கூடையில் கவிழ்த்தால், நம் ஊர்க் காற்றில் மறுநாள் காலைக்குள் துரு. நான் சொல்வது எளிது: அந்தக் கல்லை சிங்கில் போடாதீர்கள். தோசை வார்த்தவரே, கல் வெதுவெதுப்பாக இருக்கும்போது வெந்நீரும் தேங்காய் நாரும் வைத்துத் துடைத்து, ஒரு நிமிஷம் அடுப்பில் காய வைத்து, ஒரு சொட்டு எண்ணெய் தடவி வைத்துவிடலாம். இரண்டு நிமிஷ வேலை. அதைச் செய்ய வீட்டில் ஆளில்லை, இரண்டு பேரும் எட்டு மணிக்கு ஓடுகிறோம் என்றால், இரும்பு வாங்காதீர்கள். நடுவில் அலுமினியம், இருபுறமும் ஸ்டீல் என்று மூன்று அடுக்காகச் செய்த கனமான வாணலி வாங்குங்கள். எப்படித் தேய்த்தாலும் தாங்கும், பல வருஷம் உழைக்கும். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

நான்ஸ்டிக்? ஆம்லெட்டுக்கு ஒன்று வைத்துக்கொள்ளலாம். காலியாக அடுப்பில் வைத்துவிட்டு போன் பேசப் போகாதீர்கள். சுமார் 260 டிகிரி செல்சியஸுக்கு மேல் அந்தப் பூச்சு கெடத் தொடங்கும். மிக அதிகமாகச் சூடானால் வரும் புகை கூண்டுப் பறவைகளைக் கொன்றுவிடும். லவ் பேர்ட்ஸ் வளர்ப்பவர்கள் கவனிக்கவும். தோசை வார்க்கும் சூட்டுக்கு அது ஏற்றதல்ல. பூச்சு உரிந்தால் தூக்கிப் போடுவதைத் தவிர வழியும் இல்லை.

புளிக் குழம்பை இரும்பில் வைக்க வேண்டாம். புளிப்பு இரும்பைக் கரைக்கும், குழம்பு கறுக்கும், நாக்கில் உலோக ருசி வரும். வத்தக்குழம்புக்குக் கல்சட்டி. அதையும் கஞ்சியில் பழக்கி, மெல்லச் சூடாக்க வேண்டும். அடுப்பை அணைத்த பிறகும் குழம்பு கொஞ்ச நேரம் கொதித்துக்கொண்டிருக்கும்.

ஈயச் சொம்பு பற்றி ஒரு எச்சரிக்கை. தமிழில் ஈயம் என்ற ஒரே சொல் இரண்டு உலோகங்களைக் குறிக்கிறது. ரசத்துக்கானது வெள்ளீயம். காரீயம் விஷம். பார்வைக்கு இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான். நம்பிக்கையான இடத்தில் மட்டுமே வாங்குங்கள். எங்கிருந்து வந்தது என்று தெரியாத பழைய சொம்பை அழகுக்கு வையுங்கள். வெள்ளீயம் 232 டிகிரியிலேயே உருகிவிடும். காலிச் சொம்பை அடுப்பில் ஏற்றினால் உருகி வழியும்.

கூட்டத்தில் கேட்ட சில கேள்விகள்:

'இரும்புச் சட்டியில் சமைத்தால் ரத்தசோகை போகுமா?' உணவில் கொஞ்சம் இரும்பு சேரும் என்பது உண்மை. தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி (2019-21) நம் நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. அதற்கு மருத்துவர் மாத்திரை கொடுத்திருந்தால் அதை நிறுத்திவிட்டு சட்டியை நம்பாதீர்கள். உடலில் இரும்பு அதிகமாகச் சேரும் நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

'இண்டக்‌ஷன் அடுப்பில் வைக்கலாமா?' வைக்கலாம், அடி தட்டையாக இருந்தால். குறைந்த சூட்டில் தொடங்குங்கள். கண்ணாடி மேல் இழுக்காமல் தூக்கி வையுங்கள்.

'துரு பிடித்த கல்லை என்ன செய்வது?' கம்பி நாரையும் கொஞ்சம் புளியையும் வைத்து உலோகம் தெரியும்வரை தேய்த்து, கழுவி, காய வைத்து, மறுபடி பழக்குங்கள். மூட்டையில் கிடந்த கல்லை அப்படித்தான் செய்தேன். அது இப்போது ஏ பிளாக்கில், அன்று திட்டு வாங்கிய அம்மாவின் வீட்டிலேயே இருக்கிறது என்று சொல்ல ஆசை. ஆனால் அவர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார், கனமாம். கிளப் ஹவுஸ் பேன்ட்ரியில் வைத்திருக்கிறோம். வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளலாம்.