தயிர்சாதம் மட்டும் போதாது

(நமது சங்கத்தின் பெங்களூர் கிளை மாதாந்திரக் கூட்டத்தில் ஓர் உறுப்பினர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் போன் செய்து, "மாமி, நீங்கள் நாய் காப்பகத்தில் வேலை செய்கிறீர்களாமே, அதைப் பற்றி அரை மணி பேச வேண்டும்" என்றார். எனக்குக் கொஞ்சம் தயக்கமாக இருந்தது. இந்த மேடையில் உபன்யாசம் நடக்கும், சங்கீதத்தைப் பற்றிப் பேசுவார்கள். நாயைப் பற்றி இங்கே என்ன பேசுவது? "பைரவர் வாகனம்தானே, பேசுங்கோ" என்றார் அவர். தைரியம் கொடுத்தது அவர்தான். ஆகவே குற்றம் குறை இருந்தால் பாதிப் பங்கு அவருக்கு.

முதலில் என் தப்பைச் சொல்லிவிடுகிறேன். அதிலிருந்துதான் எல்லாம் ஆரம்பித்தது.

மல்லேஸ்வரத்தில் எங்கள் வாசலில் செவலை நிறத்தில் ஒரு பெண் நாய் இருந்தது. ரிடையர் ஆன பிறகு, மத்தியானம் சாப்பாடு முடிந்ததும் மிஞ்சின சாதத்தில் மோர் விட்டுப் பிசைந்து அதற்கு வைப்பேன். நம் அகங்களில் இது புதிதில்லை. காக்கைக்கு வைக்காமல் சாப்பிட மாட்டோம். பஞ்ச மஹா யக்ஞங்களில் பூத யக்ஞம் ஒன்று. வைச்வதேவ பலியில் நாய்க்கும் ஒரு பாகம் உண்டு என்று என் மாமனார் சொல்வார். "நாம் தர்மத்தை விடவில்லை" என்று எனக்கும் உள்ளூர ஒரு திருப்தி.

இரண்டு வருஷத்தில் செவலை இரண்டு தடவை குட்டி போட்டது. இரண்டாவது ஈற்றின்போது, எங்கள் அகத்தில் வேலைக்கு வரும் பெண்ணின் பிள்ளை, எட்டு வயது, ஆசையாக ஒரு குட்டியைத் தூக்கப் போனான். தாய் நாய் பாய்ந்து காலைக் கடித்துவிட்டது. ஆழமான கடி.

அரசு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். காயத்தைச் சுற்றி ஒரு மருந்து போட்டு, தடுப்பூசியும் போட்டார்கள். "நாய் யாருடையது? அதற்கு ரேபீஸ் ஊசி போட்டிருக்கிறதா?" என்று டாக்டர் கேட்டார். "தெருநாய்" என்றேன் நான். பக்கத்தில் நின்ற அந்தத் தாய் கன்னடத்தில், கோபமே இல்லாமல், "அம்மாதான் தினமும் அதற்குச் சோறு போடுகிறார்கள்" என்றாள்.

என்னைக் குற்றம் சொல்வதற்காக அவள் அதைச் சொல்லவில்லை. டாக்டர் கேட்டதற்குப் பதில் சொன்னாள், அவ்வளவுதான். ஆனால் எனக்குத் தலை நிமிரவில்லை. இரண்டு வருஷம் சாதம் போட்டேன், ஒரு ஊசி போடவில்லை. குட்டி போடாமல் இருக்க ஏற்பாடு செய்யவில்லை. புண்ணியம் என் கணக்கில், கடி அந்தக் குழந்தையின் காலில்.

கடித்த நாயைப் பத்து நாள் கவனிக்க வேண்டும் என்பது விதி. கடித்த சமயத்தில் அதற்கு ரேபீஸ் இருந்திருந்தால், அந்தப் பத்து நாளுக்குள் வியாதி தெரிந்துவிடும், நாய் செத்தும் போகும். மாநகராட்சிக்காக நடத்தப்படும் ஒரு கருத்தடை மையத்தில் செவலையைத் தனிக் கூண்டில் வைத்தார்கள், குட்டிகளையும் சேர்த்து. நமக்குப் பத்து நாள் என்றால் தீட்டுக் கணக்குத்தான் நினைவுக்கு வரும். இந்தப் பத்து நாள் அதைவிடக் கனமாக இருந்தது. தினமும் காலையில் ஸ்தானம் பண்ணி ஸ்வாமிக்கு விளக்கேற்றியதும் ஆட்டோ பிடித்துப் போய்விடுவேன். நாய் தண்ணீர் குடிக்கிறதா என்று பார்ப்பேன். ரேபீஸ் வந்த நாய்க்குத் தொண்டை இறங்காது. செவலை குடித்தது. பதினோராம் நாளும் குடித்தது. பையனும் ஊசியை நாள் தவறாமல் போட்டுக்கொண்டான். இப்போது ஹைஸ்கூலில் படிக்கிறான்.

அந்தப் பத்து நாளில், சும்மா நிற்கிறோமே என்று ஒரு விளக்குமாற்றை எடுத்தேன். அதற்குப் பிறகு வாரத்தில் நாலு நாள் போகிறேன். உதவியாளர் என்று பெயர். முதலில் எனக்கே மூன்று தவணை ரேபீஸ் ஊசி போடச் சொன்னார்கள். நம் சின்ன வயதில் தொப்புளைச் சுற்றி 14 ஊசி என்று பயமுறுத்துவார்களே, அந்தப் பழைய மருந்து இந்தியாவில் 2004 டிசம்பரோடு நிறுத்தப்பட்டுவிட்டது. இப்போது கையில்தான் போடுகிறார்கள். எறும்பு கடித்த மாதிரி இருக்கும்.

வேலை என்ன என்று கேட்பீர்கள். காலை எட்டு மணிக்குக் கூண்டு கழுவுவது. மலம் அள்ளுவது. தட்டு தேய்ப்பது. ஆபரேஷன் ஆன நாய்களின் தையலைப் பார்த்து, வீக்கம் இருந்தால் டாக்டரிடம் சொல்வது. வேனில் பிடித்து வந்த நாய்களுக்கு ரிஜிஸ்டர் எழுதுவது. நம்பர், ஆணா பெண்ணா, நிறம், எந்தத் தெருவில் பிடித்தது, எந்தத் தேதியில் ஆபரேஷன், எந்தத் தேதியில் திரும்ப விட்டது. முப்பது வருஷம் அட்டெண்டன்ஸ் எழுதிய டீச்சர் என்பதால் அந்த நோட்டை என்னிடம் கொடுத்தார்கள்.

அதிலும் ஒரு தப்புச் செய்தேன். பெங்களூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டாம், இங்கே எட்டாவது மெயின் வேறு, எட்டாவது கிராஸ் வேறு. நான் கிராஸை மெயின் என்று எழுதிவிட்டேன். ஆபரேஷன் முடிந்து நாலு நாள் கழித்து அந்த நாயை மெயினில் இறக்கினார்கள். அங்கிருந்த நாய்கள் கூட்டமாக மேலே விழுந்து கடித்தன. நல்ல வேளை, வேன் கிளம்பவில்லை. காதிலும் முதுகிலும் காயத்தோடு திரும்பி வந்தது. ஒரு எழுத்துப் பிழைக்கு எத்தனை விலை பாருங்கள்.

"பிடித்த இடத்திலேயே ஏன் விட வேண்டும்? எங்கேயாவது கொண்டு விடக்கூடாதா?" என்று நம்மில் பலர் கேட்கிறோம். நானும் கேட்டவள்தான். நாய்க்குத் தெரு என்பது எல்லை. இருந்த நாயை எடுத்துவிட்டால், குப்பையும் மிஞ்சின சோறும் அங்கேயே இருக்கும்போது, பக்கத்துத் தெரு நாய் வந்து சேரும். அதற்கு ஊசி போட்டிருக்காது, ஆபரேஷன் ஆகியிருக்காது. ஆபரேஷன் ஆன நாய் அந்த இடத்தில் இருந்தால் புதிதாக வருவதைத் துரத்தும், தானும் பெருகாது. குட்டியைக் காக்கிற வெறியில் வரும் கடியும் இல்லை. காது நுனியில் சிறிதாக வெட்டியிருந்தால் அது ஆபரேஷன் ஆன நாய் என்று அடையாளம்.

இந்த யோசனை நம் ஊரில் முளைத்தது என்பது அங்கே போன பிறகுதான் எனக்குத் தெரிந்தது. கேப்டன் சுந்தரம் என்று ஒரு விமானி. மைசூர் மஹாராஜாவிடம் விமானியாக இருந்தவர், இங்கே ஜக்கூர் விமானப் பயிற்சிப் பள்ளியை நடத்தியவர். அவர் மனைவி உஷா அந்தப் பள்ளியில் பயின்று 1949-ல் விமானி ஆனவர். பிற்பாடு சென்னையில் குடியேறிய அந்தக் குடும்பம், 1959-ல் வெள்ளத்தில் தத்தளித்த இரண்டு நாய்க்குட்டிகளை எடுத்துக் காப்பாற்றியதில் ஆரம்பித்ததுதான் புளூ கிராஸ். அவர்கள் பிள்ளை சின்னி கிருஷ்ணா, நாய்களைக் கொல்வதை நிறுத்தி, கருத்தடை செய்து விடலாம் என்று 1964-லேயே சென்னை மாநகராட்சியிடம் சொன்னார். மாநகராட்சி அதை ஏற்றது 1990-களின் நடுவில்தான். 2001-ல் அது தேச முழுமைக்கும் விதியாயிற்று. 2023-ல் புது விதிகள் வந்தன.

அதே மாதிரி ருக்மிணி தேவி அருண்டேல். கலாக்ஷேத்ரா என்று சொன்னால் இந்தச் சபையில் தெரியாதவர் இல்லை. ராஜ்யசபை நியமன உறுப்பினராக இருந்தபோது 1953-ல் பிராணிகளுக்காகத் தனி மசோதா கொண்டுவந்தார். அரசே சட்டம் செய்யும் என்று நேரு வாக்குக் கொடுத்த பிறகு அதை வாபஸ் வாங்கினார். 1960-ல் சட்டம் வந்தது. 1962-ல் பிராணிகள் நல வாரியம் ஏற்பட்டபோது அதன் முதல் தலைவர் அவரே. பெங்களூரில் 1991-ல் க்யூபா என்ற அமைப்பைத் தொடங்கியவர் கிறிஸ்டல் ராஜர்ஸ் என்ற ஆங்கிலேயப் பெண்மணி, எண்பது வயதைத் தாண்டிய பிறகு. அதனால் வயதாகிவிட்டது என்று யாரும் சாக்குச் சொல்ல வேண்டாம்.

இனி நம் அகத்து விஷயத்துக்கு வருகிறேன். "நாயைத் தொட்டுவிட்டு எப்படி மாமி மடியாகத் தளிகை பண்ணுகிறீர்கள்?" இதைக் கேட்காத உறவினர் இல்லை.

பார்வோ என்று ஒரு வியாதி. குட்டிகளுக்கு வரும். ரத்த பேதியாகப் போய் இரண்டு மூன்று நாளில் முடிந்துவிடும். செவலையின் மூன்று குட்டிகளில் இரண்டை அது கொண்டுபோயிற்று. ஒன்று என் கையிலேயே, க்ளூகோஸ் ஏறிக்கொண்டிருக்கும்போது. அந்தக் கிருமி மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். வாசனை பினாயிலுக்கெல்லாம் சாகாது. வீட்டு பிளீச் ஒரு பங்குக்குத் தண்ணீர் முப்பது பங்கு கலந்து கழுவ வேண்டும். பார்வோ வார்டில் வேலை செய்பவர் மற்ற வார்டுக்குள் நுழையக்கூடாது. அந்தத் தட்டு வேறு, துடைப்பம் வேறு, உடுப்பு வேறு. வாசலில் மருந்துத் தண்ணீரில் காலை நனைத்துவிட்டுத்தான் வெளியே வரலாம். யாரையும் தொடாமல் போய்க் குளிக்க வேண்டும்.

அங்கே பல வருஷமாக வேலை பார்க்கும் கிருஷ்ணகிரிப் பக்கத்து அம்மாள் ஒருவர் இதையெல்லாம் எனக்குச் சொல்லிக்கொண்டே வந்தார். நான் சிரித்துவிட்டேன். "எங்க மாமியார் சமையலறையில் இருபது வருஷம் இதைத்தானே பண்ணினேன்!" பத்துப் பாத்திரம் தனி, மடி வஸ்திரம் தனி, தொட்டதைத் தொடாதே, குளித்துவிட்டு வா. புதிதாக வரும் காலேஜ் பிள்ளைகள் இந்த ஒழுங்கைக் கற்க ஒரு மாதம் ஆகிறது. எனக்கு ஒரு நாளில் வந்தது. ஒரே ஒரு வித்தியாசம். அகத்தில் மடியைக் கொண்டு என்னைக் காத்துக்கொண்டேன். அங்கே அதே மடி குட்டிகளைக் காக்கிறது. அகத்துக்கு வந்தால் பின்கட்டில் தலைக்கு ஸ்நானம் பண்ணி, உடுப்பை வெந்நீரில் போட்டுவிட்டுத்தான் உள்ளே வருகிறேன். ஸ்வாமி இதுவரை கோபித்துக்கொள்ளவில்லை.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்கிறேன். அங்கே நாய்களுக்குக் கோழி போட்ட சாதம். முதல் நாள் அந்த அண்டா திறந்த வாசனையில் வெளியே வந்து உட்கார்ந்துவிட்டேன். அந்த அம்மாள் ஒன்றும் சொல்லாமல், "நீங்க ரிஜிஸ்டர் பாருங்கம்மா" என்றார். இப்போது தட்டைக் கொண்டுபோய் வைக்கிறேன். சமைப்பதில்லை. ஒரு பிராணியைக் காக்க இன்னொரு பிராணியா என்ற கேள்வி மனசில் இருக்கத்தான் இருக்கிறது. பெரியவர்கள் யாராவது விடை சொன்னால் கேட்டுக்கொள்கிறேன். ஆனால் தையல் போட்ட நாய் தட்டைப் பார்த்து வாலாட்டும்போது அதனிடம் போய் நான் சைவம் பேச முடியாது.

2023-ல் மாநகராட்சி எடுத்த கணக்குப்படி பெங்களூரில் சுமார் 2.79 லட்சம் தெருநாய்கள். 2019-ல் 3.10 லட்சமாக இருந்தது. கருத்தடை ஆனவை நூற்றுக்கு 51-லிருந்து கிட்டத்தட்ட 72-ஆக உயர்ந்திருந்தன. வேலை நடந்தால் பலன் உண்டு என்பதற்காகச் சொல்கிறேன். அதற்காகக் கடிபட்டவர்களின் பயத்தை அலட்சியம் செய்யக்கூடாது. சுப்ரீம் கோர்ட் 2025 ஆகஸ்டில் டெல்லி நாய்களையெல்லாம் காப்பகத்தில் அடைக்கச் சொல்லி, பதினோரு நாளில் அந்த உத்தரவைத் திருத்தியது. நவம்பரில் பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, பஸ் நிலையம் போன்ற இடங்களிலிருந்து எடுக்கச் சொன்னது. நம் அபார்ட்மெண்டுகளிலும் இதே சண்டைதான். சாதம் போடுகிறவர் ஒரு கட்சி, பேரனை விளையாட விடப் பயப்படுகிறவர் ஒரு கட்சி. நான் இரண்டு கட்சியிலும் இருந்தவள். அந்தப் பையனின் காலைக் கழுவினவளும் நான்தான்.

பல ஊர்களிலும் இருக்கும் நம் உறுப்பினர்களிடம் என் வேண்டுகோள் இவ்வளவுதான். நீங்கள் சாதம் வைக்கும் நாயின் காதைப் பாருங்கள். வெட்டு இல்லையென்றால் மாநகராட்சிக்கோ, உங்கள் ஊர்ப் பிராணி நலச் சங்கத்துக்கோ போன் செய்யுங்கள். ஒரு தடவையில் வரமாட்டார்கள். நாலு தடவை செய்யுங்கள். வருஷா வருஷம் ரேபீஸ் ஊசிக்கு உங்கள் தெருவே சேர்ந்து ஏற்பாடு செய்யலாம். குழந்தைகள் நடக்கும் வழியிலும் மாடிப்படியிலும் சாதம் வைக்காதீர்கள். யாரையாவது கடித்துவிட்டால் மஞ்சள், மிளகாய்ப்பொடி, சுண்ணாம்பு எதுவும் வைக்க வேண்டாம். ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிஷம் கழுவி, உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். சின்னக் கீறல்தானே என்று விடாதீர்கள். ரேபீஸ் வந்த பிறகு மருந்து இல்லை. வருவதற்கு முன்னால் நிச்சயமாக உண்டு.

செவலை இன்னும் எங்கள் வாசலில்தான் இருக்கிறது. காதில் வெட்டு இருக்கிறது. ஊசிக்கான தேதியை அகத்துக் காலண்டரில், அமாவாசை தர்ப்பணத் தேதிகளுக்குப் பக்கத்திலேயே என் கணவர் குறித்து வைத்திருக்கிறார். பிழைத்த அந்த ஒரு குட்டியை ஜயநகரில் ஒரு குடும்பம் எடுத்துக்கொண்டு போயிற்று. சாயங்காலம் அந்தப் பையன் ஸ்கூலிலிருந்து வரும்போது செவலை எழுந்து நிற்கும். அவன் கொஞ்சம் தள்ளித்தான் போவான். அதுவும் நியாயம்தான்.

 கைகளை நன்றாகக் கழுவிவிட்டுத்தான் வந்திருக்கிறேன். பயப்படாமல் பக்கத்தில் வந்து கேள்வி கேட்கலாம்.